கேயாஸ் லேசர் ரெண்டு ஒரே மாதிரி துடிச்சா ரகசிய சாவி எப்படி கிடைக்குது?

பேங்க் ஆப் திறந்தாலும் சரி, கம்பெனிக்காரங்க ரெண்டு டேட்டா சென்டருக்கு நடுவுல லிங்க் போட்டாலும் சரி, டேட்டாவ பூட்டுற வேலைய ஏஇஎஸ் மாதிரி சைஃபருங்க நல்லாவே பண்ணிடுது. சிக்கல் எல்லாம் சாவியில தான். ரெண்டு பக்கமும் ஒரே சாவி இருக்கணும், நடுவுல இருக்குறவனுக்கு அது தெரியக் கூடாது, ஆனா சாவி போக வேண்டிய ரோடும் அவன் நிக்குற அதே ரோடு தான். கிளாட் ஷானன் 1949-லயே கணக்கு போட்டு காட்டிட்டாரு, மெசேஜ் எவ்ளோ நீளமோ அவ்ளோ நீளத்துக்கு சுத்தமான ரேண்டம் சாவி இருந்து, அத ஒரே ஒரு தடவ மட்டும் யூஸ் பண்ணா, எவ்ளோ பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் உடைக்க முடியாதுன்னு. அப்போ மொத்த பாரமும் சாவி மேல தான் வந்து விழுது. இன்னைக்கு நாம சாவிய பகிர்ந்துக்குறது 1976-ல வந்த டிஃபி ஹெல்மன், 1977-ல வந்த ஆர்எஸ்ஏ, அதுங்களோட வாரிசுங்க வழியா. இதெல்லாம் கஷ்டமான கணக்க நம்பி நிக்குது, அந்த கணக்க குவாண்டம் கம்ப்யூட்டர் சுலபமா போட்டுடும்னு பீட்டர் ஷோர் 1994-ல சொல்லிட்டாரு. அதுக்கு மாத்தா புது கணக்குங்கள 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட் வகுக்குற அரசு அமைப்பான நிஸ்ட் ஸ்டாண்டர்டா வெளியிட்டுச்சு, அத எல்லாரும் போட்டுக்க வேண்டியது தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அதுவும் கணக்கு தான். இன்னைக்கு ஓடுற டிராஃபிக்க ஒருத்தன் அப்படியே ரெக்கார்ட் பண்ணி வச்சுட்டு, பதினஞ்சு வருஷம் கழிச்சு நல்ல மெஷின் கிடைக்கும்போது திறந்து படிக்கலாம்ங்கிற பயம் முழுசா போகல.

ரெக்கார்ட் பண்றது அவ்ளோ சுலபமான்னு கேக்குறவங்க பெங்களூர்ல எந்த ஏரியாவுலயாவது நின்னு தலைய தூக்கிப் பாருங்க. போஸ்ட்லயும் மரத்துலயும் சுருட்டி சுருட்டி கட்டி விட்ட கறுப்பு கேபிள் எல்லாம் ஃபைபர் தான். போன மாசம் எங்க அல்சூர் தெருவுல ஒரு டெக்னீஷியன் ஏணி போட்டு ஏறி, சின்ன கிளிப் மாதிரி ஒரு கருவிய ஃபைபர் மேல மாட்டுனாரு, அது ஃபைபர லேசா வளைக்கும், வளைஞ்ச இடத்துல கொஞ்சூண்டு வெளிச்சம் வெளிய கசியும், அத வச்சு இந்த லைன்ல சிக்னல் ஓடுதா இல்லையான்னு சொல்லிடும். ஃபைபர வெட்ட வேண்டாம், சர்வீஸ் நிக்காது. கூட நின்னு பாத்துட்டு இருந்த பக்கத்து வீட்டு பையன், கிருஷ்ணகிரியில இருந்து இங்க இன்ஜினியரிங் படிக்க வந்தவன், "அண்ணா, இவரு பண்றத யாரு வேணா பண்ணலாம்ல?"னு கேட்டான். பண்ணலாம்டா, அதான் விஷயமே. அதனால இந்த கட்டுரை முழுக்க ஃபைபர்ல போற வெளிச்சம் எதிரி கையிலயும் இருக்குன்னே வச்சுப்போம். அப்படி இருந்தும் ரெண்டு பேர் ஒரு ரகசிய சாவிய உண்டாக்க முடியுமா? கேயாஸ் லேசர் முடியும்னு சொல்லுது, ஒரு கண்டிஷனோட.

முதல்ல கேயாஸ்னா என்னன்னு பாத்துடுவோம், கால்குலேட்டர் ஒண்ணு போதும். ஒரு நம்பர் எடுங்க, 0-க்கும் 1-க்கும் நடுவுல. அத ஒண்ணுல இருந்து கழிச்சு வர்றதோட அதே நம்பரை பெருக்கி, அப்புறம் நாலால பெருக்குங்க. வந்த விடையை வச்சு திரும்பவும் அதே மாதிரி பண்ணுங்க. 0.3-ல ஆரம்பிச்சா 0.84, 0.5376, 0.994னு போகும். இப்போ 0.3001-ல ஆரம்பிங்க, மூணாவது ஸ்டெப்லயும் அதே 0.994 தான் வரும், ரெண்டும் ஒண்ணு தானேன்னு தோணும். விடாம போட்டுட்டே போங்க. பன்னெண்டாவது ஸ்டெப்ல முதல் கணக்கு 0.554-ல நிக்கும், ரெண்டாவது 0.147-ல நிக்கும். ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இதுல எங்கயும் அதிர்ஷ்டம், தாயக்கட்டை எதுவும் இல்ல பாருங்க, விதி சுத்தமா தெளிவா இருக்கு, ஆனாலும் ஆரம்பத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு தப்பு இருந்தாலும் கொஞ்ச நேரத்துல கணிப்பு மொத்தமா காலி. வானிலை கணக்கு போட்டுட்டு இருந்த எட்வர்ட் லாரன்ஸ் இதத் தான் 1961-ல கம்ப்யூட்டர்ல பாத்தாரு, 0.506127க்கு பதிலா 0.506னு போட்டதுல மொத்த வானிலையும் வேற மாதிரி போச்சு, 1963-ல அது பேப்பரா வந்துச்சு.

லேசர்ல இது எப்படி வரும்? சாதாரணமா செமிகண்டக்டர் லேசர் ரொம்ப ஒழுக்கமான ஆளு, கரண்ட் கொடுத்தா சீரா ஒரே வெளிச்சம் கொடுக்கும். உள்ள எலக்ட்ரானும் வெளிச்சமும் ஒண்ணுக்கொண்ணு கொடுத்து வாங்கிட்டு இருக்கு, எலக்ட்ரான் கூட்டம் ஏறுனா வெளிச்சம் ஏறும், வெளிச்சம் ஏறுனா எலக்ட்ரான் கரையும், அதனால லேசா தட்டி விட்டா சில ஜிகாஹெர்ட்ஸ் வேகத்துல ஆடி அடங்கும். இப்போ லேசர் முன்னாடி ஒரு கண்ணாடிய வச்சு, அது விட்ட வெளிச்சத்துல கொஞ்சத்த கொஞ்சம் லேட்டா அதுக்கே திருப்பி அனுப்புங்க. 15 சென்டிமீட்டர் தள்ளி கண்ணாடி வச்சா ஒரு நானோசெகண்ட் கழிச்சு திரும்பி வரும். ஒரு நானோசெகண்ட் முன்னாடி தான் எப்படி இருந்தோம்ங்கிறது இப்போ தன்னோட ஆட்டத்த பாதிக்குது, அந்த ஆட்டம் அடுத்த நானோசெகண்ட பாதிக்குது, ஆடி அடங்க டைமே கிடைக்காம லேசர் கண்டபடி துடிக்க ஆரம்பிச்சுடும். லாங், கோபயாஷின்னு ரெண்டு பேர் 1980-ல இதுக்கு சமன்பாடு எழுதுனாங்க, இன்னைக்கு வரைக்கும் இந்த ஃபீல்டுல எல்லாரும் அதுல தான் ஆரம்பிக்குறாங்க. அதுக்கும் முன்னாடியே 1975-ல ஹெர்மன் ஹாக்கன், லேசர் சமன்பாடும் லாரன்ஸோட வானிலை சமன்பாடும் உள்ளுக்குள்ள ஒரே வடிவம் தான்னு காட்டிட்டாரு. டெலிகாம் ஆளுங்களுக்கு இந்த திரும்பி வர்ற வெளிச்சம் பெரிய தலைவலி, அதுக்காகவே நல்ல லேசர் மாட்யூல்ல ஐசோலேட்டர்னு ஒண்ணு வச்சு ரிட்டர்ன் வெளிச்சத்த அடைச்சுடுவாங்க. நமக்கு அந்த தலைவலி தான் வேணும். 2008-ல ஜப்பான்ல உச்சிடா குழு இப்படி துடிக்குற ரெண்டு லேசர வச்சு செகண்டுக்கு 1.7 ஜிகாபிட் ரேண்டம் பிட் எடுத்து காட்டுனாங்க.

ரேண்டம் கிடைச்சாச்சு, ஆனா சாவின்னா ரெண்டு பக்கமும் ஒரே ரேண்டம் வேணும். இங்க தான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் வருது. ஆரம்பத்துல துளி வித்தியாசம் இருந்தாலே பிரிஞ்சு போற ரெண்டு சிஸ்டத்த எப்படி ஒண்ணா ஆட வைக்க முடியும்? 1990-ல அமெரிக்க கடற்படை ஆராய்ச்சி லேப்ல இருந்த பெக்கோராவும் கேரலும் முடியும்னு காட்டுனாங்க. அதுக்குள்ள இருக்குற சூட்சுமத்த ஒரு சின்ன கணக்குலயே பாத்துடலாம். ரெண்டு பேர் கிட்ட ஆளுக்கு ஒரு நம்பர், ஒருத்தர் 0.9, இன்னொருத்தர் 0.1. மூணாவது ஆள் ஒருத்தர் கண்டபடி ஒரு நம்பர சத்தமா சொல்லிட்டே இருக்காரு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் தன்னோட பழைய நம்பர பாதியாக்கி, சொன்ன நம்பரோட பாதிய சேத்துக்கணும். முதல்ல வித்தியாசம் 0.8, ஒரு ஸ்டெப்ல 0.4, அப்புறம் 0.2, பத்து ஸ்டெப்ல 0.0008க்கும் கீழ போயிடும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல, பேசல, ஆனாலும் ரெண்டு பேர் கையிலயும் ஒரே நம்பர், அதுவும் யாராலயும் கணிக்க முடியாத நம்பர். எங்க ஆரம்பிச்சோம்ங்கிற ஞாபகம் கரைஞ்சு போச்சு, வெளிய இருந்து வந்த தூண்டல் மட்டும் மிச்சம் நிக்குது. லேசர்லயும் இதே தான், வெளிய இருந்து பலமான ஒரு ரேண்டம் வெளிச்சத்த ரெண்டு லேசருக்குள்ள செலுத்துனா, ரெண்டும் தன்னோட சொந்த ஞாபகத்த விட்டுட்டு அந்த வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ஆட ஆரம்பிக்கும், ரெண்டு லேசரும் ஒரே மாதிரி செஞ்சதா இருந்தா ஆட்டமும் ஒரே மாதிரி இருக்கும்.

லேசர் கேயாஸ நிஜமா சிங்க் பண்ணி, அதாவது ஒண்ணா ஆட வச்சு, முதல்ல காட்டுனது 1994-ல, அதுல ராஜர்ஷி ராயும் தோர்ன்பர்க்கும் செஞ்ச சோதனை முக்கியமானது. 1998-ல அதே ராயும் வான்விகரனும் ஃபைபர் லேசரோட கேயாஸுக்குள்ள மெசேஜ ஒளிச்சு அனுப்பி அந்தப் பக்கம் பிரிச்சு எடுத்தாங்க. 2005-ல ஏதென்ஸ் நகரத்துல ஏற்கனவே போட்டு வச்சிருந்த 120 கிலோமீட்டர் கமர்ஷியல் ஃபைபர்லயே ஜிகாபிட் வேகத்துல இது ஓடுச்சு, அது பெரிய சாதனை தான், இப்ப படிச்சாலும் ஆச்சரியமா இருக்கு. ஆனா மெசேஜ கேயாஸுக்குள்ள ஒளிக்குறத விட கேயாஸ சாவி செய்ய யூஸ் பண்றது தான் சரியான வழின்னு நான் நினைக்குறேன், ஏன்னா ஒளிச்சு வச்ச மெசேஜ் ஃபைபர்ல போயிட்டே தான் இருக்கு, கேயாஸ கழட்டத் தெரிஞ்சவன் கையில சிக்கிடும், ரெக்கார்ட் பண்ணி வச்சும் மெதுவா கழட்டலாம். சாவி முறையில சாவி ஃபைபர்ல போகவே போகாது.

அது எப்படின்னு பாப்போம். பெங்களூர்லயே ஒரு பக்கம் ஒயிட்ஃபீல்டு, இன்னொரு பக்கம் எலக்ட்ரானிக் சிட்டி, நடுவுல மடிவாளா பக்கம் எங்கயோ ஒரு சோர்ஸ் லேசர் இருக்குன்னு வச்சுக்கோங்க. மடிவாளா லேசர் கண்டபடி மாறுற ரேண்டம் வெளிச்சத்த ரெண்டு பக்கமும் அனுப்புது, இது பப்ளிக், யாரு வேணா கேட்டுக்கலாம். ஒயிட்ஃபீல்டுலயும் எலக்ட்ரானிக் சிட்டியிலயும் ஒரே மாதிரி செஞ்ச லேசர் ஒவ்வொண்ணு, அதுக்குள்ள ஃபீட்பேக் வெளிச்சத்தோட, அதாவது கண்ணாடியில பட்டு திரும்பி வர்ற வெளிச்சத்தோட, ஃபேஸ (அலை ஏறி இறங்குறதுல எந்த இடத்துல இருக்குங்கிறத) மாத்துற ஒரு சுவிட்ச். சுவிட்ச் ஒரே நிலையில இருந்தா ரெண்டு லேசரும் ஒண்ணா ஆடும், வேற வேற நிலையில இருந்தா ஆட்டம் ஒத்துப்போகாது. இப்போ ரெண்டு பக்கமும் அவங்கவங்க இஷ்டத்துக்கு, ரேண்டமா, சின்ன சின்ன நேரத்துக்கு (ஸ்லாட்) ஒரு தடவ சுவிட்ச மாத்திட்டே இருக்காங்க, தன்னோட லேசர் என்ன கொடுக்குதுன்னு அளந்து, உயரமா இருந்தா 1, தாழ்வா இருந்தா 0னு வீட்டுக்குள்ளயே எழுதி வச்சுக்குறாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம், கவனிங்க, முடிஞ்சப்புறம் தான், ஃபோன் போட்டு பேசுற மாதிரி வெளிப்படையா "முதல் ஸ்லாட்ல என் சுவிட்ச் மேல, ரெண்டாவதுல கீழ"ன்னு சுவிட்ச் நிலைய மட்டும் சொல்லிக்குறாங்க. பிட் என்னன்னு சொல்றதே இல்ல. சுவிட்ச் ஒத்துப்போன ஸ்லாட்ட வச்சுக்கிட்டு மத்தத தூக்கி போட்டுடுறாங்க. மிச்சம் இருக்குற பிட் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இத லேசர வச்சு செஞ்சு காட்டுனது யோஷிமுரா குழு, 2012-ல. அதுக்கு கீழ இருக்குற கணித அஸ்திவாரம் யூலி மௌரர் 1993-ல போட்டது, ரெண்டு பேர் கிட்ட ஒத்துப்போற ரேண்டம் இருந்து, எதிரிகிட்ட இருக்குறது அத விட மங்கலா இருந்தா, எல்லாரும் கேக்க பேசியே ரகசிய சாவி எடுத்துடலாம்னு அவரு காட்டுனாரு.

இப்படி பின்னாடி ஒப்பிட்டு தள்ளிவிடுற யோசனைக்கு நம்ம ஊரோட ஒரு தொடர்பு இருக்கு. குவாண்டம் சாவி பகிர்வுல முதல் முறையான பிபி84, பென்னட்டும் பிராஸார்டும் எழுதுன பேப்பர், 1984 டிசம்பர்ல பெங்களூர்ல நடந்த ஐஇஇஇ மாநாட்டுல தான் வந்துச்சு. ஃபோட்டான, அதாவது வெளிச்சத்தோட ஒத்தத் துளிய, எந்த கோணத்துல அளந்தோம்னு பின்னாடி சொல்லிக்கிட்டு ஒத்துப்போகாதத தள்ளிடுறது அதுல இருந்து வந்தது தான். இங்க ஐடி வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாதுங்கிறது எனக்கு ஆதங்கம், அதனால இங்க சொல்லிட்டேன்.

சரி, எதிரி என்ன பண்ணுவான்? மடிவாளா வெளிச்சம் அவன்கிட்டயும் இருக்கு. சுவிட்ச் நிலை என்னன்னு கடைசியில அவனுக்கும் தெரியும். அப்போ அந்த வெளிச்சத்த சேத்து வச்சுட்டு, சுவிட்ச் நிலை தெரிஞ்சதும் தன்கிட்ட இருக்குற லேசர்ல அதே செட்டிங் போட்டு உள்ள விட்டா எல்லா பிட்டும் வந்துடுமே? வரும். அதனால தான் கேள்வி அந்த "சேத்து வச்சுட்டு"ல வந்து நிக்குது. வெளிச்சத்த வெளிச்சமாவே சேத்து வைக்கணும்னா ஃபைபர் சுருள்ல சுத்த விடணும். ஒரு கிலோமீட்டர் ஃபைபர்ல வெளிச்சம் 5 மைக்ரோசெகண்ட் தான் இருக்கும். ஒரு செகண்ட் பிடிச்சு வைக்க ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஃபைபர் வேணும், கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்புன்னு போட்டா அந்தக் கடைசியில ஒண்ணுமே மிச்சம் இருக்காது, வழியெல்லாம் ஆம்ப்ளிஃபையர் வச்சா அது சேக்குற நாய்ஸ் அந்த நுணுக்கத்த எல்லாம் மூடிடும். ரெண்டு பக்கமும் சுவிட்ச் நிலைய சொல்றத கொஞ்சம் தள்ளிப் போட்டாலே போதும். வெளிச்சத்த நம்பரா மாத்தி ரெக்கார்ட் பண்ணலாமேன்னா, வெறும் பவர் மட்டும் போதாது, ஃபேஸும் வேணும், அந்த வெளிச்சத்தோட மொத்த ஃப்ரீக்வென்சி அகலத்துக்கும் வேணும். 100 ஜிகாஹெர்ட்ஸ தாண்டி அளக்குற ஸ்கோப் இன்னைக்கு மார்க்கெட்ல இருக்கு, அத மறைக்க வேண்டாம், ஆனா ஃபைபர் ஆம்ப்ளிஃபையரோட பட்டை 4 டெராஹெர்ட்ஸுக்கு மேல, சோர்ஸ் வெளிச்சத்த எவ்ளோ அகலமாக்குறோமோ அவ்ளோ தூரம் ஸ்கோப்ப தாண்டி ஓடலாம். இன்னொரு வழி, எதிரி ஒரே மாதிரி லேசர் நிறைய வாங்கி ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு செட்டிங் வச்சு அதே நேரத்துல ஓட்டலாம். அதுக்கு பதில், சுவிட்ச் எண்ணிக்கைய கூட்டுறது. இருபது சுவிட்ச்னா பத்து லட்சத்துக்கு மேல செட்டிங், அத்தன பெட்டி அவனால வைக்க முடியாது. ஆனா இதுக்கு விலை உண்டு, நம்ம ரெண்டு பக்கமும் தற்செயலா ஒத்துப்போற வாய்ப்பும் அதே அளவு குறையும், சாவி வேகம் படுத்துடும். இந்த இழுபறி தான் இந்த ஃபீல்டோட நடு விஷயம்.

நான் ஆரம்பத்துல சொன்ன கண்டிஷன் இது தான். வெளிச்சம் போற அந்த நொடியில எதிரியால அத முழுசா அளக்க முடியாது, அவ்ளோ தான் நம்பிக்கை. அளக்காம விட்டுட்டான்னா, 2045-ல அவன்கிட்ட எவ்ளோ பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் இருந்தாலும் போட கணக்கே இல்ல, கையில இருந்தா தானே போடுவான். கணக்க நம்புற முறையில எதிரிக்கு காலம் பூரா டைம் இருக்கு, இதுல அவனுக்கு இருக்குறது சில மைக்ரோசெகண்ட் தான். இந்த ஒரு குணத்துக்காகவே இத சீரியஸா எடுத்துக்கணும்னு நான் சொல்றேன்.

பிட் கிடைச்ச உடனே சாவி ஆகிடாது, கொஞ்சம் சுத்தம் பண்ணணும். லேசர் வெளிச்சம் நடுவாந்திரமா இருக்கும்போது ஒரு பக்கம் 1னும் இன்னொரு பக்கம் 0னும் படிக்க வாய்ப்பு அதிகம், அதனால ரெண்டு கோடு போட்டு மேல் கோட்டுக்கு மேல போனா 1, கீழ் கோட்டுக்கு கீழ போனா 0, நடுவுல மாட்டுனா விட்டுடுறது. அப்பவும் சில பிட் தப்பா இருக்கும், பேரிட்டி (ஒரு கட்டுல இருக்குற 1-ங்க ஒத்தப்படையா ரெட்டப்படையாங்கிறத) ஒப்பிட்டு திருத்துவாங்க, திருத்தும்போது வெளிப்படையா பேசுறதால கொஞ்சம் தகவல் கசியும். அந்த கசிவையும், எதிரிக்கு குத்துமதிப்பா தெரிஞ்ச பிட்டையும் கழுவுறது தான் பிரைவசி ஆம்ப்ளிஃபிகேஷன், 1988-ல பென்னட், பிராஸார்ட், ராபர்ட் கொண்டு வந்தது. கேக்க பெருசா இருக்கு, உள்ள ரொம்ப எளிமை. உங்ககிட்ட ரெண்டு பிட் இருக்கு, முதல் பிட் எதிரிக்கு தெரியும், ரெண்டாவது தெரியாது, எது தெரியும்னு உங்களுக்கு தெரியாது. ரெண்டும் ஒண்ணா இருந்தா 0, வேற வேறன்னா 1னு புதுசா ஒரு பிட் செய்ங்க. முதல் பிட் 1னு எதிரிக்கு தெரிஞ்சாலும், ரெண்டாவது 0-வா 1-ஆன்னு தெரியாததால புது பிட் அவனுக்கு பாதிக்கு பாதி தான். ரெண்டு பிட்ட கொடுத்து ஒரு பிட் வாங்கினோம், ஆனா அந்த ஒண்ணு சுத்தமா நம்மளது. நிஜத்துல ஆயிரக்கணக்கான பிட்ட ஹாஷ்ங்கிற ஒரே கலக்கிச் சுருக்குற கணக்குல போட்டு சுருக்குவாங்க. அப்புறம் ஒண்ணு, பேசுறது நிஜமாவே எலக்ட்ரானிக் சிட்டி தானா இல்ல நடுவுல எவனோ வேஷம் போடுறானான்னு உறுதி பண்ண ஆரம்பத்துலயே ஒரு சின்ன ரகசியம் ரெண்டு பக்கமும் இருக்கணும், இது குவாண்டம் முறைக்கும் பொருந்தும்.

இப்போ சிப்புக்கு வருவோம். மேல சொன்னதெல்லாம் "ஒரே மாதிரி செஞ்ச லேசர்"ங்கிற ஒத்தை வார்த்தையில தொங்குது. லேப்ல டேபிள் மேல லேசர், லென்ஸ், கண்ணாடி எல்லாம் தனித்தனியா வச்சு செய்யும்போது இது பெரும் பாடு. 1550 நானோமீட்டர் லேசர்ல கண்ணாடி 400 நானோமீட்டர் நகர்ந்தாலே திரும்பி வர்ற வெளிச்சத்தோட ஃபேஸ் தலைகீழா மாறிடும், கதவ சாத்துனா போதும் அந்த அளவு நகர்றதுக்கு. டெம்பரேச்சர் ஒரு டிகிரி ஏறுனா லேசரோட அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும், கேக்க சின்னதா இருக்கு, ஆனா அது 12 ஜிகாஹெர்ட்ஸ், லேசர் ஆடுற வேகத்த விடவே பெருசு, சிங்க் அந்து போயிடும். கடையில தனித்தனியா வாங்குன ரெண்டு லேசர் பேப்பர்ல ஒரே மாடல் நம்பரா இருக்கும், உள்ள குணம் வேற வேறயா இருக்கும். அதே ரெண்டு லேசர் ஒரே வேஃபர்ல (சிப்புங்கள செஞ்சு வெட்டி எடுக்குற தட்டு) அக்கம் பக்கத்துல இருந்து வெட்டி எடுத்ததா இருந்தா ஒரே ஈட்டுல வெந்த இட்லி மாதிரி, பதம் ஒண்ணா இருக்கும். கூடவே லேசர், ஃபீட்பேக் போற பாதை, ஃபேஸ் மாத்துற பகுதி எல்லாமே ஒரே கல்லுல செதுக்குனதால ஒண்ணுக்கொண்ணு நகராது. சிப்ப ஒரு சின்ன கூலர் மேல ஒட்டி டிகிரியில நூத்துல ஒரு பங்கு அளவுக்கு பிடிச்சு வச்சுடலாம். 2008-ல ஏதென்ஸ் குழு உட்பட ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் லேசரையும் ஃபீட்பேக் வெளிச்சம் போயிட்டு வர்ற கேவிட்டியையும் ஒரே சிப்புல போட்டு கேயாஸ் வரவச்சு காட்டுனாங்க, அதுல இருந்து தான் இந்த ரூட் சூடு பிடிச்சுச்சு.

சிலிக்கான் சிப் நமக்கு தெரிஞ்ச ஆள், ஆனா சிலிக்கான் நல்லா வெளிச்சம் விடாது, அதோட எலக்ட்ரான் அமைப்பே அப்படி. அதனால லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு, வெளிச்சம் ஓடுற பாதைக்கு (வேவ்கைட்) சிலிக்கானோ சிலிக்கான் நைட்ரைடோன்னு கலந்து ஒட்டுறாங்க. இன்னொரு சிக்கல் நீளம். டேபிள்ல 15 சென்டிமீட்டர் கண்ணாடி தூரம் ஈசி, சிப்புல இடம் விரல்நுனி அளவு. ஆனா சிலிக்கான் வேவ்கைட்குள்ள வெளிச்சத் துடிப்பு வெற்றிடத்துல போறதுல நாலுல ஒரு பங்கு வேகத்துல தான் ஊர்ந்து போகும், ஒரு சென்டிமீட்டர் போயிட்டு வர கால் நானோசெகண்டுக்கு மேல ஆகும், இன்னும் டிலே வேணும்னா கொசுவத்தி சுருள் வடிவத்துல பாதைய சுத்தி விடுறாங்க. அதுக்கு வெளிச்சம் அதிகம் கரையாத சிலிக்கான் நைட்ரைடு தான் தோது. பக்கத்துல ஒரு குட்டி ஹீட்டர் கம்பி ஓட்டி கரண்ட் விட்டா ஃபேஸ் மாறும், நம்ம சுவிட்ச் அது தான், என்ன, ஹீட்டர் மைக்ரோசெகண்ட் கணக்குல தான் மாறும், வேகமா வேணும்னா கரண்ட் செலுத்துற ஃபேஸ் செக்ஷன் போடணும். சுவிட்ச் மாறுன ஒவ்வொரு தடவையும் லேசர் மறுபடி சிங்க்குக்கு வர நானோசெகண்ட் கணக்குல டைம் எடுக்கும், அந்த நேரத்து பிட் எல்லாம் குப்பை. சிப்புல பாதை சின்னதா இருக்குறதால இந்த செட்டில் ஆகுற நேரமும் சுருங்கும்ங்கிறது தான் சாவி வேகத்துக்கு நல்ல சேதி.

பலவீனமும் சொல்லணும். லேசர் தன்னோட பழைய வெளிச்சத்த கேட்டு ஆடுறதால, அதோட வேவ்ஃபார்ம தானே தள்ளி வச்சு ஒப்பிட்டு பாத்தா டிலே எவ்ளோன்னு ஒரு பீக் காட்டிக் கொடுத்துடும், டிலே தெரிஞ்சா எதிரிக்கு பாதி செட்டிங் தெரிஞ்ச மாதிரி. டிலேய லேசரோட சொந்த ஆட்ட நேரத்துக்கு பக்கத்துல வச்சோ, ஃபீட்பேக்க ஒண்ணுக்கு மேற்பட்ட பாதையில விட்டோ இந்த பீக்க அமுக்க பாக்குறாங்க. அத விட பெருசு, ஒரே வேஃபர்ல இருந்து வெட்டுன மூணாவது சிப் யார் கையில இருக்கு? ஒத்துப்போற தன்மை தான் நம்ம பலம், அதே ஃபவுண்டரியில (சிப் செய்ற ஃபேக்டரி) எதிரியும் ஆர்டர் போட்டா அவனுக்கும் அதே பலம். அதனால சிப்ப யார் செஞ்சாங்க, மிச்சம் எங்க போச்சுங்கிற கணக்கு வழக்கும் செக்யூரிட்டியோட ஒரு பகுதி. கேயாஸ் பத்தி எழுதுற நிறைய பேர் இத ஒரே வரியில கடந்து போயிடுறாங்க, அது சரியில்ல.

குவாண்டம் முறையோட வச்சு பாத்தா நிலைமை இப்படி. குவாண்டத்துல பாதுகாப்பு இயற்பியல் விதியில இருந்து வருது, எதிரியோட கருவி எவ்ளோ நல்லதுன்னு நாம யூகிக்க வேண்டியதில்ல, அந்த விஷயத்துல அது ஒரு படி மேல தான். ஆனா ஒத்த ஃபோட்டான ஆம்ப்ளிஃபையர் வச்சு பெருக்க முடியாது, தூரம் கூட கூட வேகம் விழுந்துட்டே போகும். கேயாஸ்ல போறது சாதாரண பலமான வெளிச்சம், வழியில ஆம்ப்ளிஃபையர் வைக்கலாம், நம்ம தலைக்கு மேல தொங்குற அதே ஃபைபர்லயே ஓடும், ஆனா ரெண்டு பக்கத்து ஃபைபரும் வெளிச்சத்த வேற வேற மாதிரி விரிச்சு விடும், ஒரு கிலோமீட்டருக்கு, அலைநீளத்துல ஒரு நானோமீட்டர் வித்தியாசத்துக்கு 17 பிக்கோசெகண்ட்னு, அத திருத்தலன்னா சிங்க் கெட்டுடும். இந்தியாவுல 2023 ஏப்ரல்ல 6003.65 கோடி ரூபாய்க்கு தேசிய குவாண்டம் மிஷன் வந்துச்சு, 2000 கிலோமீட்டர் பாதுகாப்பான தகவல் தொடர்பு அதோட இலக்குல ஒண்ணு. பெங்களூர்ல ராமன் ஆராய்ச்சி நிலையம் குவாண்டம் சாவில வேலை பாக்குது, ஐஐஎஸ்சியில நானோ ஃபேப் இருக்கு, சென்னை ஐஐடியில சிலிக்கான் போட்டானிக்ஸுக்குன்னே தனி மையம் இருக்கு. சிப் செய்ற கையும் ஆளும் நம்ம பக்கத்துலயே இருக்கும்போது கேயாஸ் ரூட்லயும் பசங்க இறங்கணும்னு மனசார ஆசைப்படுறேன்.

இறங்க லேப் கூட வேண்டாம், லேப்டாப் போதும். பைத்தான்ல லாங் கோபயாஷி சமன்பாட்ட ரெண்டு லேசருக்கு எழுதி, ரெண்டுக்கும் ஒரே ரேண்டம் வெளிச்சத்த உள்ள விடுங்க, ரெண்டு அவுட்புட்டுக்கும் கோரிலேஷன் (எவ்ளோ ஒத்துப்போகுதுங்கிற அளவு) எடுங்க, எல்லாம் சரியா இருந்தா 1-க்கு ஒட்டி வரும். அப்புறம் ஒரு லேசரோட ஃப்ரீக்வென்சிய மட்டும் 0.5 ஜிகாஹெர்ட்ஸ் 0.5 ஜிகாஹெர்ட்ஸா நகர்த்திட்டே போய் கோரிலேஷன் எந்த இடத்துல விழுதுன்னு ஒரு கிராஃப் போடுங்க, அடுத்து ஃபீட்பேக் ஃபேஸுக்கும் அதே மாதிரி போடுங்க. அந்த ரெண்டு கிராஃபோட அகலமும் தான் சிப் டிசைன் பண்றவர் ஃபவுண்டரிகிட்ட போய் கேக்குற டாலரன்ஸ், அதாவது ரெண்டு சிப்புக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம் வரைக்கும் தாங்கும்ங்கிற எல்லை.